தனியாக இருப்பவர்கள், கஷ்டத்தில் இருப்பவர்கள்: எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னிமலை, காங்கயம், ஊத்துக்குளி, பெருந்துறை வட்டாரத்தில் வீடு வீடாகப் போய்வரும் சிறிய அறக்கட்டளை எங்களுடையது. யார் எந்த வீட்டுக்கு எந்தக் கிழமை போவது என்று பார்த்துக்கொள்வது என் வேலை. போனிலும் சந்தையிலும் கல்யாண வீட்டிலும் கேட்கிற கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

நீங்கள் என்னதான் செய்கிறீர்கள்?

வாரத்துக்கு ஒரு நாள் இரண்டு பேர் ஒரு வீட்டுக்குப் போகிறோம். அதே ஆட்கள், அதே கிழமை, ஏறக்குறைய அதே நேரம். அரை மணியோ ஒரு மணியோ உட்கார்ந்து பேசுகிறோம். பேச்சுக்கு நடுவே சில விஷயங்கள் கண்ணில் படும். மாத்திரை அட்டை தீர்ந்திருக்கும். கேஸ் சிலிண்டர் காலியாகிக் கல்லடுப்பு மூட்டியிருப்பார்கள். வாசல் பல்பு பத்து நாளாக எரியாமல் இருக்கும். அவற்றை ஒவ்வொன்றாகச் சரி செய்கிறோம். அரிசி, பருப்பு, மருந்து தேவைப்பட்டால் கொடுக்கிறோம். தாலுகா ஆபீஸ், வங்கி, ஆஸ்பத்திரிக்குக் கூடப் போகிறோம்.

எங்களை "அரிசி குடுக்கற டிரஸ்ட்" என்றுதான் ஊரில் சொல்கிறார்கள். அரிசி மூட்டையை யார் வேண்டுமானாலும் ஒரு தடவை இறக்கிவிட்டுப் போகலாம். செவ்வாய்க்கிழமை வருகிறேன் என்று சொன்னால் செவ்வாய்க்கிழமை வந்து நிற்பதைத்தான் நாங்கள் பெரிய உதவி என்று நினைக்கிறோம்.

சொந்தபந்தம் இத்தனை பேர் இருக்கிற ஊரில் தனிமை என்று ஒன்று உண்டா?

உண்டு. நம் பக்கத்தில் அது வேறு மாதிரி இருக்கிறது, அதனால் கண்ணுக்குத் தெரிவதில்லை.

நம் ஆட்கள் பாதிப் பேர் ஊருக்குள் இல்லை, தோட்டத்துச் சாளையில், அதாவது விளைநிலத்துக்குள் தனியாக நிற்கும் வீட்டில் இருக்கிறார்கள். ஒரு சாளைக்கும் அடுத்த சாளைக்கும் நடுவே நாலு வயல்காடு, வேலிகளுக்கு இடையில் போகும் ஒரு இட்டேரி. பண்ணையம் பார்த்த காலத்தில் ஆள்காரர், பால்காரர், தேங்காய் போட வருகிறவர் என்று நாள் முழுக்க யாராவது வந்துகொண்டிருந்தார்கள். இன்று கிணறு வற்றி, மாட்டை விற்றுவிட்டால் அந்த வரத்து நின்றுவிடுகிறது. பையன் பெங்களூரில் இருப்பான், அல்லது திருச்செங்கோட்டு ரிக் வண்டியோடு வடக்கே போய் மாசக்கணக்கில் போர்வெல் போட்டுக்கொண்டிருப்பான். ஒரே பிள்ளையோடு நிறுத்திக்கொண்ட குடும்பங்கள் இங்கே நிறைய. மாரியம்மன் நோம்பிக்கு வீடு நிறைய ஆள் இருக்கும். மறுநாள் காலையில் கார்களெல்லாம் கிளம்பிய பிறகு அந்த வாசலில் போய் நின்று பாருங்கள்.

இதோடு பயமும் சேர்ந்துகொண்டது. 2024 நவம்பரில் பல்லடம் அருகே சேமலைக்கவுண்டம்பாளையத்திலும், 2025இல் சிவகிரி பக்கத்திலும் தோட்டத்து வீடுகளில் இருந்த வயதானவர்கள் கொல்லப்பட்ட பிறகு, சாயந்திரம் ஆறு மணிக்கே கதவைச் சாத்திக்கொள்கிறவர்களை நிறையப் பார்க்கிறோம். முன்பெல்லாம் இருட்டிய பிறகும் கட்டிலைப் போட்டு வாசலில் உட்கார்ந்து பேசியவர்கள் அவர்கள்.

ஊருக்குள்ளும் தனிமை உண்டு. காது கேட்காமல் போனவர், விதவை ஆனதிலிருந்து விசேஷங்களுக்குப் போவதை நிறுத்திக்கொண்டவர், கடன்காரர் கண்ணில் படக்கூடாது என்று முன்கதவைத் திறக்காதவர் எல்லாரும் தெருவுக்கு நடுவில்தான் இருக்கிறார்கள். உலகத்தில் ஆறு பேரில் ஒருவரைத் தனிமை வாட்டுகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2025இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. அது உடம்பையும் கெடுக்கும் என்பதை நாங்கள் வீடுகளிலேயே பார்க்கிறோம். பேச ஆள் இல்லாதவர் முதலில் சமைப்பதை விடுகிறார், அப்புறம் மாத்திரையை விடுகிறார்.

யாருக்கெல்லாம் வருவீர்கள்? வயதானவர்களுக்கு மட்டும்தானா?

இல்லை. கைக்குழந்தையோடு தனியாக நிற்கும் பெண், தறி ஓடாமல் வருமானம் நின்ற குடும்பம், விபத்தில் படுக்கையாகிவிட்ட லாரி டிரைவர், மனநலம் சரியில்லாத பிள்ளையை வைத்துக்கொண்டு வெளியே வர முடியாத தாய் என்று பலர் இருக்கிறார்கள். வருமானச் சான்று எதுவும் முதலில் கேட்பதில்லை. வசதியான வீட்டிலும் பேச ஆள் இல்லாதவர் இருப்பார், அங்கேயும் போகிறோம்.

"எனக்கு ஒண்ணும் வேண்டாம்" என்று சொல்கிறவரிடம் என்ன செய்வீர்கள்?

முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் சொல்கிறார்கள். கை நீட்டாமல் வாழ்ந்ததைப் பெருமையாக வைத்திருக்கும் ஊர் நம்முடையது. நாலு பேருக்குத் தெரிந்தால் மானம் போய்விடும் என்கிற பயம் பசியைவிடப் பெரிசாக இருக்கும்.

சென்னிமலைப் பக்கம் ஒரு அம்மா. கணவர் இருந்தவரை இருவரும் வீட்டிலேயே போர்வை நெய்தவர்கள். அவர் போன பிறகு தறிக்குழியை மூடி மேலே பலகை போட்டுவிட்டார். பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித்தான் போனோம். "எனக்கென்னுங்க குறை, பையன் நல்லாப் பாத்துக்கறான்" என்று திண்ணையிலேயே நிறுத்திவிட்டார். மறுவாரமும் அதே பதில். நாலு வாரம் அவர் கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, மழை தண்ணியைப் பற்றிப் பேசிவிட்டுத் திரும்பினோம். ஐந்தாவது வாரம் நல்ல மழை. நாங்கள் வரமாட்டோம் என்று நினைத்திருக்கிறார். நனைந்துபோய் நின்றதைப் பார்த்து, "இந்த மழையில உங்கள யாருங்க வரச் சொன்னா" என்று திட்டிக்கொண்டே உள்ளே கூப்பிட்டுத் துண்டு கொடுத்தார்.

உள்ளே போன பிறகுதான் தெரிந்தது. மூன்று மாதமாக ரேஷன் வாங்கவில்லை. நூலைத் தொட்டுத் தொட்டுத் தேய்ந்த விரலில் ரேகை விழவில்லை. கடையில் இரண்டு தடவை திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். மூன்றாவது தடவை வரிசையில் நின்று எல்லாரும் பார்க்கத் திரும்பி வரக் கூச்சம். பையன் பேசியும் வெகுநாள் ஆகியிருந்தது.

முதல் வாரமே ஒரு மூட்டை அரிசியோடு போயிருந்தால் இது எதுவும் எங்களுக்குத் தெரிந்திருக்காது. அதனால் முதல் சில வாரம் வெறுங்கையோடுதான் போகிறோம். அவர்கள் எதைக் கொடுத்தாலும் வாங்கிக் குடிக்கிறோம். கொடுக்கிறவராக அவர் இருக்கும் வரை, கேட்பதற்கும் அவருக்குக் கஷ்டம் இருக்காது.

எந்தச் சாதிக்காரர்களுக்குச் செய்கிறீர்கள்?

எல்லாருக்கும். எந்த வீட்டில் தண்ணீர் கொடுத்தாலும் குடிக்கிறவர் மட்டும்தான் எங்களோடு வர முடியும். "அந்த வளவுக்கு மட்டும் வேற யாரையாச்சும் அனுப்புங்க" என்று சொன்னவர்களை நாங்கள் சேர்த்துக்கொள்ளவில்லை, அவர்கள் கொடுக்க வந்த நன்கொடையையும் வாங்கவில்லை. இந்த விஷயத்தில் எங்களிடம் விட்டுக்கொடுத்தல் கிடையாது.

முதியோர் பென்சன் வாங்கித் தருவீர்களா?

வாங்கித் தருகிறோம் என்று வாக்குக் கொடுக்க மாட்டோம். விண்ணப்பிக்க, அலைய, கேட்கக் கூட வருவோம். ஆதரவற்ற முதியோருக்கான உதவித்தொகை தமிழ்நாட்டில் 1962 முதல் இருக்கிறது. 2023 ஆகஸ்டில் அது மாதம் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ரூபாயாக உயர்ந்தது. இ-சேவை மையத்தில் பதிவு செய்தால் வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர் விசாரணை முடிந்து சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரிடம் போகும். மனு நின்றுபோவது பெரும்பாலும் சின்னச் சின்னக் காரணத்தால்தான். ஆதாரில் ஒரு வயது, ரேஷன் கார்டில் இன்னொரு வயது. அல்லது கார்டில் பையன் பெயர் இன்னும் இருக்கும், அவன் தனிக்குடித்தனம் போய்ப் பத்து வருஷம் ஆகியிருக்கும். முதலில் அதைச் சரி செய்யுங்கள், அப்புறம் மனு போடுங்கள்.

மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் பி.எஃப். பென்சன் திடீரென்று நின்றால் வருஷாந்திர வாழ்நாள் சான்று கொடுக்காததே பெரும்பாலும் காரணமாக இருக்கும். தபால்காரரே வீட்டுக்கு வந்து அதைப் பதிவு செய்து தருவார். பஸ் ஏறிக் கோயமுத்தூர் போய் வரிசையில் நிற்க வேண்டியதில்லை.

ரேஷன் கடையில் கைரேகை விழவில்லை. என்ன செய்வது?

கண் கருவிழிப் பதிவு இருக்கிற கடையில் அதைக் கேளுங்கள். நடக்க முடியாதவர், தன் சார்பில் வாங்க ஒருவரை நியமித்து அங்கீகாரச் சான்று பெறலாம். படிவம் ரேஷன் கடையிலேயே கிடைக்கும். 2025 ஆகஸ்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டத்தில் வயதானவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே பொருள் கொண்டுவர ஏற்பாடு செய்தார்கள். உங்கள் பெயர் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று கடையில் விசாரியுங்கள். விசாரிக்கக் கூச்சமாக இருந்தால் எங்களோடு வாருங்கள்.

மருத்துவச் செலவுக்குப் பணம் கொடுப்பீர்களா?

அவசரத்துக்கு மருந்து வாங்கித் தருவோம். ஆபரேஷன் செலவு எங்கள் சக்திக்கு மீறியது. அதற்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது: ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை. 70 வயது நிரம்பியவர்களுக்கு வருமானம் பார்க்காமல் 5 லட்சம் தரும் ஆயுஷ்மான் அட்டை 2024 அக்டோபரில் வந்தது. பிரஷர், சுகர் மாத்திரைக்கு 2021இல் தொடங்கிய, வீட்டுக்கே வந்து மாத்திரை தரும் மக்களைத் தேடி மருத்துவம் இருக்கிறது. உங்கள் சாளை அந்த நர்ஸ் அம்மாவின் நோட்டில் இல்லை என்றால் எங்களிடம் சொல்லுங்கள். வழி காட்டக் கூட வருவோம். இட்டேரிக்குள் இருக்கும் வீடுகள்தான் அதிகமும் விடுபடுகின்றன.

ஆஸ்பத்திரியில் சேர்த்தால் கூட இருக்க ஆள் இல்லை.

இதைத் தயங்காமல் எங்களிடம் கேளுங்கள். பெரியாஸ்பத்திரியில் படுக்கை கிடைப்பதைவிட, "கூட யார் இருக்கா?" என்ற கேள்விக்குப் பதில் கிடைப்பதுதான் தனியாக இருப்பவருக்குக் கஷ்டம். ரத்தப் பரிசோதனைக்கு ஓட, ஸ்கேனுக்கு வண்டி தள்ள, ராத்திரி டிரிப்ஸ் தீர்ந்தால் நர்ஸைக் கூப்பிட ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் இல்லை என்பதற்காகவே நெஞ்சு வலியை வீட்டிலேயே தாங்கிக்கொண்டவர்களை எனக்குத் தெரியும். பெருந்துறையோ ஈரோடோ கோவையோ, முறை வைத்து எங்கள் ஆட்கள் இருப்பார்கள். பெண்களுக்குப் பெண்கள்தான். திரும்பி வீட்டுக்கு வந்த முதல் பத்து நாள் தினமும் ஒரு தடவை வருவோம். அந்தப் பத்து நாளில்தான் மாத்திரை மாறிப்போகும், கீழே விழுவார்கள்.

வாரக்குழுக் கடன் கழுத்தை நெரிக்கிறது. கட்டித் தருவீர்களா?

மாட்டோம். நேராகச் சொல்வதுதான் மரியாதை. ஒரு கடனை நாங்கள் அடைத்தால் மறுமாதம் இன்னொன்று அந்த இடத்துக்கு வருவதைப் பார்த்துவிட்டோம். ஆனால் அன்றைக்கு வீட்டில் அடுப்பு எரிய வேண்டியதைக் கொடுப்போம், எந்தெந்தக் கடன் எவ்வளவு என்று உட்கார்ந்து எழுதுவோம், வசூலுக்கு வருகிறவரிடம் தவணை பேசும்போது பக்கத்தில் நிற்போம். அளவுக்கு மீறிய வட்டி கேட்டு மிரட்டினால் 2003ஆம் ஆண்டுக் கந்துவட்டித் தடைச் சட்டப்படி புகார் கொடுக்கலாம். இலவச சட்ட உதவிக்கு 15100. கடனைப் பற்றி வீட்டில் யாரிடமும் சொல்லாமல் வைத்திருக்கிறவர்களுக்காகத்தான் எனக்கு அதிகக் கவலை. எங்களிடமாவது சொல்லுங்கள், வெளியே போகாது.

நான் வெளிநாட்டில் இருக்கிறேன். அப்பா அம்மா சாளையில் தனியாக. மாதம் பணம் கட்டுகிறேன், பார்த்துக்கொள்ள முடியுமா?

பணம் வாங்கிக்கொண்டு பார்க்கும் நிறுவனங்கள் உண்டு, நாங்கள் அது இல்லை. ஆனாலும் வருவோம். பதிலுக்கு உங்களிடம் ஒன்று கேட்போம். நாங்கள் போகும் கிழமை போல நீங்கள் கூப்பிடவும் ஒரு கிழமை, ஒரு நேரம் குறித்துக்கொள்ளுங்கள். "நேரம் கிடைக்கறப்ப பேசறேன்" என்றால் உங்கள் அம்மா நாள் முழுக்கப் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, குளிக்கக்கூடப் போகாமல் காத்திருப்பார். இதை நான் கண்ணால் பார்த்து எழுதுகிறேன். பேசும்போது "சாப்ட்டாச்சா, மாத்திரை போட்டாச்சா" என்பதோடு நிறுத்தாமல், தென்னைக்கு என்ன உரம் வைப்பது என்று ஒரு யோசனை கேளுங்கள்.

சொத்தை எழுதி வாங்கிக்கொண்டு பிள்ளைகள் கைவிட்டுவிட்டார்கள். வழி உண்டா?

உண்டு. 2007ஆம் ஆண்டு பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை உத்தரவிட அவருக்கு அதிகாரம் இருக்கிறது. பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு தான செட்டில்மெண்ட் எழுதியிருந்து, பிள்ளைகள் பார்த்துக்கொள்ளவில்லை என்றால், அதே சட்டத்தின் 23ஆம் பிரிவின் கீழ் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். இனிமேல்தான் எழுதப் போகிறீர்கள் என்றால் அந்த நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். "நம்ம பையன்தானுங்களே" என்று விட்டவர்கள்தான் பின்னால் எங்களிடம் வருகிறார்கள்.

மனு என்றதும் பலர் பின்வாங்கிவிடுகிறார்கள். பெற்ற பிள்ளை மேல் கேஸா என்று அழுகிறார்கள். நாங்கள் வற்புறுத்துவதில்லை. சில வீடுகளில் ஊர்ப் பெரியவர் ஒருவரைக் கூட்டிப்போய்ப் பேசியதிலேயே பையன் மாசாமாசம் பணம் அனுப்பத் தொடங்கியிருக்கிறான். முதியோருக்கான 14567 எண்ணிலும் காலை 8 முதல் இரவு 8 வரை ஆலோசனை கேட்கலாம்.

உதவி கொடுக்கும்போது போட்டோ எடுப்பீர்களா?

எடுக்க மாட்டோம். நன்கொடை தருகிறவர் கேட்டாலும் எடுக்க மாட்டோம்.

பிறந்த நாளுக்கு, திதிக்கு அன்னதானம் போடலாமா?

உங்கள் மனசு புரிகிறது, நன்றி. ஆனால் சுகர் இருக்கிறவருக்கு பிரியாணியும் ஜிலேபியும் ஒரு நாள் சந்தோஷம், மூணு நாள் அவஸ்தை. அந்தப் பணத்தில் எங்களுக்கு எப்போதும் பற்றாக்குறையாக இருப்பதை வாங்கித் தாருங்கள்: பெரியவர்களுக்கான டயபர், படுக்கைப்புண் வராமல் இருக்க ஏர் பெட், நடைக்கோல், சார்ஜ் டார்ச், பெரிய எண் போட்ட பட்டன் போன். சமைத்துத்தான் கொடுக்க வேண்டும் என்றால் அரிசியும் பருப்பும் சாதம் செய்து, ஒரு கரண்டி நெய்யோடு கொண்டு வாருங்கள். கொடுத்துவிட்டுப் போகாமல், உட்கார்ந்து அவர்களோடு சேர்ந்து சாப்பிடுங்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கொடுக்க ஆள் இருக்கிறார்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் யாரும் வருவதில்லை.

நானும் வரலாமா?

வாருங்கள். வாரத்துக்கு ஒன்றரை மணி நேரம், குறைந்தது ஒரு வருஷம். இரண்டு மாதத்தில் நிற்பதாக இருந்தால் தயவுசெய்து தொடங்காதீர்கள். ஏற்கெனவே ஆள் விட்டுப்போனவர்களிடம்தான் போகிறோம். போலீஸ் நன்னடத்தைச் சான்று கேட்போம். தனியாகப் போகக்கூடாது, பணம் வாங்கக்கூடாது, வங்கி அட்டையின் ரகசிய எண்ணைக் கேட்கக்கூடாது, எந்தப் பத்திரத்திலும் சாட்சிக் கையெழுத்து போடக்கூடாது. நகை, ரொக்கம் எங்கே இருக்கிறது என்று அவர்களாகச் சொன்னாலும், "எங்ககிட்டச் சொல்லாதீங்க அம்மா" என்று தடுத்துவிட வேண்டும். அறிவுரை சொல்ல வருகிறவரைவிட, ஒரே கதையை இருபதாவது தடவையும் கேட்கத் தெரிந்தவர் எங்களுக்கு வேண்டும்.

நன்கொடைக்கு வரிவிலக்கு உண்டா?

வருமான வரிச் சட்டப்படி, கொடுத்ததில் பாதிக்கு உண்டு. ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் கிடையாது, புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கும் கிடையாது.

வடமாநிலத் தொழிலாளர்களுக்கும் உதவுவீர்களா?

உதவுகிறோம். சிப்காட்டிலும் பனியன் கம்பெனிகளிலும் இருக்கும் பிள்ளைகள், காய்ச்சல் வந்தால் தகர ஷெட்டில் தனியாகக் கிடக்கிறார்கள். இந்தி, ஒடியா பேசுகிற இரண்டு பேர் எங்களோடு இருக்கிறார்கள். ஒரே நாடு ஒரே ரேஷன் தமிழ்நாட்டில் 2020 அக்டோபர் முதல் நடைமுறையில் இருக்கிறது. சொந்த ஊர் முன்னுரிமைக் கார்டு இருந்தால் இங்கேயே அரிசி வாங்கலாம். நிறையப் பேருக்கு இது தெரியவில்லை.

"இனி எதுக்கு இருக்கணும்" என்று ஒருவர் பேசினால்?

பேச்சை மாற்றாதீர்கள், திட்டாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். சாவதைப் பற்றி நினைக்கிறாரா என்று நேராகவே கேட்கலாம், கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. தோட்டத்துப் பூச்சி மருந்து வீட்டுக்குள் இருந்தால் எடுத்து அப்புறப்படுத்துங்கள். தனியாக விடாதீர்கள். 14416 எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், 104 எண்ணும் இருக்கிறது. உடனே ஆபத்து என்றால் 108. அதன் பிறகு எங்களைக் கூப்பிடுங்கள்.

யாரும் இல்லாதவர் இறந்துபோனால்?

அவர் எப்படிச் சொல்லியிருந்தாரோ அப்படிச் செய்கிறோம். சிலர் முன்கூட்டியே சொல்லிவைக்கிறார்கள்: எரிக்க வேண்டுமா புதைக்க வேண்டுமா, எந்தச் சேலை, யாருக்குத் தகவல். அரசின் இலவச அமரர் ஊர்திக்கு 155377. எங்களில் ஒருவர் கொள்ளி வைத்திருக்கிறார், பெண்களும் வைத்திருக்கிறார்கள். மூன்றாம் நாள் பால் ஊற்றவும் போகிறோம்.

எங்கள் தெருவில் ஒரு அம்மா வெளியே வருவதே இல்லை. நான் என்ன செய்வது?

எங்களைக் கூப்பிடுவதற்கு முன்னால் நீங்களே ஒரு தடவை போய்ப் பாருங்கள். எதையும் கொண்டு போகாதீர்கள், ஏதாவது கேட்டுப் போங்கள். ஒரு கொத்துக் கறிவேப்பிலை, ஒரு உறை மோர், நோம்பி எந்தத் தேதி என்ற விவரம், எதுவாக இருந்தாலும் சரி. கதவு திறக்க நேரமானாலும் நில்லுங்கள், அவருக்கு மூட்டு வலியாக இருக்கலாம். இரண்டு நாள் கழித்துக் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கப் போங்கள். அப்போதும் மனசுக்குச் சரியாகப் படவில்லை என்றால் எங்களுக்குச் சொல்லுங்கள். அந்த வாரமே வருவோம், முதல் நாள் நீங்களும் எங்கள் கூட இருந்து அறிமுகப்படுத்தி வைத்தால் போதும்.